பூசணிக்கு இரண்டு பூ

அன்புள்ள ஐயா,

ஆறாம் வகுப்பில் எங்களுக்கு அறிவியல் எடுத்த சார் சென்ற மாதம் காலமானார். பள்ளிக்குப் பின்னால் சும்மா கிடந்த நிலத்தைக் கொத்த வைத்து, ஆளுக்கு ஒரு பாத்தி பிரித்துக் கொடுத்து, காய்கறி போடக் கற்றுக்கொடுத்தவர். படிக்கிற நேரத்தை வீணாக்குகிறார் என்று பெற்றோர் சிலர் சண்டைக்கே வந்தார்கள். அர்ப்பணிப்பு மிக்க நல்லாசிரியர். இன்று நான் கணக்கர். வீட்டில் ஒரு தொட்டிச் செடிகூட இல்லை. அவர் சொல்லிக்கொடுத்ததை வீணாக்கிவிட்டேனோ என்று மனது உறுத்துகிறது.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வீணாகவில்லை. எனக்கும் அப்படி ஒரு டீச்சர் இருந்தார், அதனால் உறுதியாகவே சொல்கிறேன்.

என் பாத்தியில் பூசணி. கொடி நன்றாக ஓடியது, நிறையப் பூத்தது, அப்புறம் எல்லாப் பூவும் உதிர்ந்தது. ஒரு காய்கூட நிற்கவில்லை. டீச்சரிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். “நாளைக்கு விடிந்ததும் வா” என்றார். போனேன். ஒரு பூவைத் திருப்பிக் காட்டினார். அடியில் வெறும் காம்பு. இன்னொரு பூவின் அடியில் கோலிக்குண்டு அளவில் ஒரு குட்டிப் பூசணி. முதலாவது ஆண் பூ, அடுத்தது பெண் பூ. தேனீ வரத்து குறைவு, வெயில் ஏறினால் பூவும் வாடி மூடிக்கொள்ளும், அதனால்தான் காய் பிடிக்கவில்லை என்றார். ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிள்ளி எறிந்துவிட்டு, அதன் மஞ்சள் நிற மகரந்தத் தூளைப் பெண் பூவின் நடுவில் தடவச் சொன்னார். சில நாட்களில் அந்தப் பிஞ்சு பருக்கத் தொடங்கியது. தினமும் போய் விரலால் சுற்றி அளந்து பார்ப்பேன். மகரந்தச் சேர்க்கை பற்றிய கேள்விக்கு அதற்கு முன்பே பரீட்சையில் முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஆளுக்கு ஒரு பாத்தி என்று எழுதியிருக்கிறீர்களே, அது பெரிய விஷயம். 1840இல் ஜெர்மனியில் ஃபிரோபெல் என்ற கல்வியாளர் தன் பள்ளிக்குக் ‘குழந்தைகளின் தோட்டம்’ என்ற பொருளில் கிண்டர்கார்டன் என்று பெயர் வைத்தார். அவர் வகுத்த தோட்டத்தில் பொதுப் பாத்திகளோடு ஒவ்வொரு குழந்தைக்கும் சொந்தப் பாத்தியும் உண்டு. பொதுப் பாத்தி வாடினால் யாரோ தண்ணீர் விடவில்லை. தன் பாத்தி வாடினால், தண்ணீர் விடாதது யார் என்று குழந்தைக்கே தெரியும். பெற்றோரிடம் பேச்சு வாங்கிக்கொண்டும் உங்கள் சார் இதை விடாமல் செய்திருக்கிறார். கணக்கு இடிக்கும்போது பிழை எங்கே என்று முதலில் உங்கள் பக்கத்தைத் தேடுகிறவர் என்றால், அந்தப் பாத்தி இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது.

எனக்கு ஒரே ஒரு குறை. ‘அர்ப்பணிப்பு’, ‘நல்லாசிரியர்’ எல்லாம் யாருடைய அஞ்சலியிலும் வரும் சொற்கள். உங்கள் பாத்தியில் என்ன இருந்தது? வெண்டையா, அவரையா? எது முளைக்காமல் போனது? அன்றைக்கு சார் என்ன சொன்னார்? மறப்பதற்குள் அதை எழுதி அனுப்புங்கள், காத்திருக்கிறேன்.