கிட்னிக்கல் கேள்வி பதில்: வெள்ளம் (குடிதண்ணி), உப்பு, பிலிம்பிக்காய்

முப்பது வருஷம் யூராலஜி வார்டுல, அதாவது கிட்னி, மூத்திர நோய் பாக்குற வார்டுல, நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ நான். கேள்வி கேட்டவங்க பேருக்குப் பதிலா அவங்க ஊரைப் போட்டிருக்கேன். டாக்டர் இல்ல, அதனால மாத்திரை அளவு கேக்காதீங்க. ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லுதேன்: கல்லு இருக்கிறவங்களுக்குக் குளிரும் காய்ச்சலும் வந்தா அன்னைக்கு ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போகணும். அடைச்சு நிக்கிற மூத்திரத்துல கிருமி சேர்ந்தா, விடியுறதுக்குள்ள ரத்தத்துல ஏறிடும்.

அருமனை: சிஸ்டர், எனக்கு 36 வயசு. ரப்பர் பால் வெட்டுற வேலை. மூணு வருஷத்துல ரெண்டாவது கல்லு, ரெண்டும் தானா போயிட்டு. கால்சியம் ஆக்சலேட்னு சொன்னாங்க. வெள்ளம் நல்லாத்தான் குடிக்கேன். பிறகும் ஏன் வருது?

மக்களே, எவ்வளவு குடிச்சோம்ங்கிறது கணக்கு இல்ல. மூத்திரமா எவ்வளவு வெளிய போச்சுங்கிறதுதான் கணக்கு. ஒரு நாளைக்கு ரெண்டரை லிட்டர் போகணும். வெட்டு இல்லாத ஒரு நாள், வெட்டு உள்ள ஒரு நாள், ரெண்டு நாளும் பழைய லிட்டர் பாட்டில்ல பிடிச்சு அளந்து பாருங்க. என் வார்டுல அளந்து பாத்தவங்கள்ல பலபேரு ஒரு லிட்டரைத் தாண்டல. அவங்களும் நல்லா குடிக்கோம்னுதான் சொன்னாங்க.

நீங்க விடியுமுன்னே தலையில லைட்டைக் கட்டிட்டு இறங்குவீங்க. பால் எடுத்து ஷீட் அடிச்சு முடிக்க மத்தியானம் ஆகும். அதுவரைக்கும் பால் ஊத்தாத ஒரு கட்டஞ்சாயாதான். உடம்புல உள்ளதெல்லாம் வேர்வையாப் போயி, மூத்திரம் குறுகி, அதுல கரைஞ்சு கிடந்தது படிகமாப் பிடிக்குது. ஒரு லிட்டர் வெள்ளத்தைத் தோட்டத்துக்குக் கொண்டு போங்க. சிரட்டையில இருந்து பால் எடுக்கத் தொடங்கும்போது பாட்டில் காலியா இருக்கணும். ராத்திரி படுக்க முன்னே ஒரு தம்ளர், இடையில எழும்பினா இன்னொரு தம்ளர். ராத்திரிதான் மூத்திரம் ரொம்பக் குறுகும்.

அடுத்தது உப்பு. கருவாடு, ஊறுகாய், அப்பளம், மிக்சர், பழையதுக்குப் போடுற கல்லுப்பு. கூடுதல் உப்பைக் கிட்னி வெளியேத்தும்போது கால்சியத்தையும் கூடவே இழுத்துட்டுப் போகும். மொத்தத்துல ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள நிக்கணும், அது ஒரு டீஸ்பூன்தான். நாரங்கா வெள்ளம், அதாவது எலுமிச்சை ஜூஸ், தினமும் குடிக்கலாம். அதுல உள்ள சிட்ரேட் கால்சியத்தைப் பிடிச்சு வச்சு, கல்லாகாமப் பாத்துக்கிடும். உப்பு போடாம, சீனி குறைச்சு.

இனி ஒரு கல்லு வந்தா துணியில வடிச்சுப் பிடிங்க. டெஸ்டுக்குக் கொடுத்து என்ன கல்லுன்னு உறுதி பண்ணணும்.

நாகர்கோவில்: கால்சியம் கல்லுதானே, பாலும் தயிரும் நிறுத்தணும்னு வீட்டுல சொல்லுதாங்க.

நிறுத்தாதீங்க. சாப்பாட்டோட சேருற கால்சியம், கீரை, சாயா மாதிரி உள்ளதுல இருந்து வர்ற ஆக்சலேட்டைக் குடல்லயே பிடிச்சு மலத்தோட கொண்டு போயிடும். பாலை நிறுத்தினா அந்த ஆக்சலேட் ரத்தத்துல ஏறி கிட்னிக்குத்தான் வரும். முளைக்கீரைத் தோரன் வச்சா பக்கத்துல தயிர் இருக்கட்டும். கட்டஞ்சாயாவை விட பால் சாயா நல்லதுங்கிறதும் இதனாலதான். கால்சியம் மாத்திரை வேற விஷயம், அதை டாக்டர்ட்ட கேளுங்க.

கருங்கல்: வாழைத்தண்டு ஜூஸ்ல 8 மில்லிமீட்டர் கல்லு கரையுமா?

கரையாது. தோரன் வச்சுச் சாப்பிடுங்க, நல்ல கறி. 5 மில்லிமீட்டருக்குக் கீழே உள்ளது பெரும்பாலும் தானா இறங்கிடும். 8ன்னா யூராலஜி டாக்டரைப் பாத்தே ஆகணும்.

குளச்சல்: வீட்டுக்காரர் விசைப்படகுல போறவர். எக்ஸ்ரேல ஒண்ணும் தெரியல, ஸ்கேன்ல 9 மில்லிமீட்டர். யூரிக் ஆசிட் கல்லு, மருந்துலயே கரைக்கலாம்ங்கிறாங்க. நம்பலாமா?

நம்பலாம். வழக்கமா வர்ற கல்லுகள்ல மருந்துல உண்மையா கரையுறது இது ஒண்ணுதான். எக்ஸ்ரேல தெரியாததும் இதோட குணம். மூத்திரம் புளிச்சுக் கிடக்கிறதாலதான் இது உருவாகுது. புளிப்பை முறிக்க பொட்டாசியம் சிட்ரேட் மாதிரி மருந்து கொடுப்பாங்க. புளிப்பு குறையுதான்னு வீட்டுலயே மூத்திரத்துல பேப்பர் பட்டை முக்கிப் பாக்கலாம். வாரக்கணக்கா, சில நேரம் மாசக்கணக்கா ஆகும், பாதியில விட்டுறக் கூடாது. சாளையும் நெத்திலியும் குறைக்கணும், ஈரலும் குடலும் வேண்டாம். கடலுக்குப் போகும்போது அவருக்குன்னு ஒரு கேன் குடிவெள்ளம் தனியா ஏத்தி விடுங்க.

திங்கள்சந்தை: பீர்?

வேண்டாம்.

குலசேகரம்: எங்க வீட்டுல பிலிம்பிக்காய் காய்ச்சுக் கொட்டுது. வெறும் வயித்துல சாறு குடிச்சா கல்லும் கொழுப்பும் கரையும்னு வீடியோவுல வந்துச்சு.

குடிக்காதீங்க. யாருக்கும் கொடுக்காதீங்க. அந்தப் புளிப்பே ஆக்சாலிக் அமிலம். எந்தப் பொருளால கல்லு வந்துச்சோ அதையே தம்ளர்ல ஊத்திக் குடிக்கிற மாதிரி. கேரளத்துல அஞ்சு ஆஸ்பத்திரிகள்ல, இந்தச் சாறைக் குடிச்சு கிட்னி நின்னுபோன பத்துப் பேரோட விவரத்தை டாக்டர்மார் 2013-ல வெளியிட்டாங்க. அதுல ஏழு பேருக்கு டயாலிசிஸ் செய்ய வேண்டி வந்துச்சு. நல்லா இருந்தவங்க, கொழுப்பு குறையும்னு குடிச்சவங்க.

மார்த்தாண்டம்: எங்க அம்மாச்சி காலத்துல இருந்து மீன்கறிக்குப் பிலிம்பிதான் போடுதோம். யாருக்கு என்ன ஆச்சு? நாட்டு மருந்துன்னாலே உங்களுக்கு இளக்காரம்.

இளக்காரம் இல்ல, எங்க வீட்டுலயும் அந்த மரம் நிக்குது. அம்மாச்சி நாலு காயைக் கீறிச் சட்டியில போட்டாங்க, அந்தச் சட்டியை வீட்டுல எட்டுப் பேரு சாப்பிட்டாங்க. யாரும் இருபது காயைப் பிழிஞ்சு வெறும் வயித்துல குடிக்கல. இந்தச் சாறுதான் புதுப் பழக்கம். கறிக்குப் போடுறதை நான் தடுக்கல. ஆனா கல்லு வந்தவங்களும் கிட்னி பழுதுள்ளவங்களும் அதுவும் வேண்டாம், கறிக்குச் சாதாரணப் புளி போதும். நட்சத்திரப் பழமும் இதே இனம், அவங்களுக்கு அதுவும் வேண்டாம்.

பளுகல்: அம்மா அஞ்சு நாளா அந்தச் சாறு குடிக்காங்க. நேத்துல இருந்து வாந்தி, விக்கல். மூத்திரமும் கம்மி.

இப்பவே கிளம்புங்க. கிட்னி வேலை செய்யுதான்னு காட்டுற கிரியேட்டினின் ரத்த டெஸ்ட் பாக்கச் சொல்லுங்க. என்ன குடிச்சாங்க, எத்தனை நாள் குடிச்சாங்கன்னு நீங்களே முந்திச் சொல்லணும், அவங்க கேக்குறது வரை காத்திருக்காதீங்க. வலி மாத்திரை எதுவும் கொடுக்காதீங்க. போய்ச் சேர்ந்ததும் எனக்கு ஒரு வரி போடுங்க.

ஆற்றூர்: வாழைத்தண்டை மோர்ல...

மேலே சொல்லிட்டேன். மோர்ல போட்டாலும் கரையாது.

தக்கலை: கல்லு எடுத்து ஸ்டென்ட் வச்சு ரெண்டரை மாசம் ஆகுது. வலி இல்ல. அடுத்த வாரம் துபாய் போறேன், லீவுல வரும்போது எடுத்தா போதுமா?

போதாது. ஸ்டென்ட்ங்கிறது கிட்னியில இருந்து மூத்திரம் இறங்க உள்ளே வைக்கிற குழாய். அந்தக் குழாய் மேலயே கல்லு படியும். வருஷம் கழிச்சு வந்தவங்களுக்கு ஸ்டென்டை எடுக்கவே பெரிய ஆபரேஷன் ஆனதை நான் பக்கத்துல நின்னு பாத்திருக்கேன். இப்ப எடுத்தா பெரும்பாலும் பத்து நிமிஷ வேலை. நாளைக்குக் காலையில டிஸ்சார்ஜ் சீட்டோட போங்க. நாள் கிடைக்கலைன்னா டிக்கெட்டைத் தள்ளிப் போடுங்க.