பப்பேத்தே நகரில் இரண்டு மணி நேரம்: வழிகாட்டி தேவையா?

சென்னையிலிருந்து எழுதியிருக்கும் வாசகர் ஓய்வுபெற்ற வங்கி அலுவலர். அவரும் மனைவியும் ஆக்லாந்தில் கப்பல் ஏறிப் பசிபிக் தீவுகளைச் சுற்றிவரப் போகிறார்கள். தாஹித்தித் தீவில் இருக்கும், பிரெஞ்சு பொலினீசியாவின் தலைநகரான பப்பேத்தேயில் கப்பல் ஒரு சனிக்கிழமை இரவு கரை சேர்ந்து, ஞாயிறு மாலை புறப்படுகிறது. "கப்பலிலேயே மூன்று மணி நேர நகர உலா ஒன்றை விற்கிறார்கள். அதை வாங்கலாமா, நாங்களே நடந்து பார்த்துவிடலாமா? மனைவிக்கு முழங்கால் வலி உண்டு. இருவரும் முட்டைகூடச் சாப்பிடாத சைவம். ஞாயிற்றுக்கிழமை கடைகள் எல்லாம் அடைத்திருக்கும் என்கிறார்களே?" என்பது அவருடைய கேள்வி.

நேரடியான பதில் இது. வழி காட்டுவதற்காக என்றால் பப்பேத்தேயில் வழிகாட்டி தேவையில்லை. பயணிகள் கப்பல்கள் நகரின் நடுவிலேயே அணைகின்றன. கப்பலின் ஏணியை விட்டு இறங்கிச் சாலையைக் கடந்தால் ஊர் தொடங்கிவிடும். சந்தை, தேவாலயம், சட்டமன்றம், பூங்கா எல்லாமே ஒன்றிலிருந்து ஒன்று சில நிமிட நடையில் இருக்கின்றன. கடற்கரையை ஒட்டிய பகுதி முழுவதும் சமதளம். ஆனாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நல்ல வழிகாட்டியை அமர்த்திக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். இந்த நகரத்தில் அறிய வேண்டியவற்றில் பாதி இன்று கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதே காரணம். அரண்மனை இடிக்கப்பட்டுவிட்டது, பழைய கடைத்தெரு போரில் எரிந்துபோனது, ஊரின் பெயரில் இருக்கும் சொல்லே ஒரு காலத்தில் மாற்றி வைக்கப்பட்டது. விவரம் தெரியாமல் நடப்பவர் வெயிலில் காயும் ஒரு பிரெஞ்சுச் சிற்றூரைப் பார்த்துவிட்டு, "இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று திரும்பிவிடுவார். அப்படித் திரும்பியவர்கள் பலரிடம் பேசியிருக்கிறேன்.

பெயரையே எடுத்துக்கொள்வோம். அதை ப-பெ-எ-தே என்று நான்கு அசையாக, நடுவில் சிறிது நிறுத்தி உச்சரிக்க வேண்டும். 'பப்பே' என்றால் தண்ணீர், 'எத்தே' என்றால் கூடை. ஆனால் தாஹித்தி மொழியில் தண்ணீருக்கு உரிய பழைய சொல் 'வாய்' என்பதாகும். அரசரின் பெயரில் வரும் சொல்லை மக்கள் தங்கள் பேச்சில் புழங்கக் கூடாது என்ற விலக்கு அங்கே இருந்தது. பின்னாளில் முதலாம் பொமாரே எனப்பட்ட தலைவருக்கு அதற்கு முன்பு வழங்கிய பெயர்களுள் ஒன்று 'வாய்' என்று தொடங்கியதால், அந்தச் சொல் விலக்கப்பட்டு 'பப்பே' அதன் இடத்துக்கு வந்தது. கணவர் பெயர் ஆறுமுகம் என்பதால் 'ஆறு' என்ற எண்ணையே வாயால் சொல்லாத பாட்டிமார்களைக் கண்ட நமக்கு இது எளிதில் விளங்கும். வேடிக்கை என்னவென்றால், நீங்கள் கப்பலிலிருந்து இறங்கும் இடத்துக்கு எதிரே இருக்கும் சதுக்கத்தின் பெயர் 'வாயெத்தே'. விலக்கப்பட்ட பழைய சொல் அந்தப் பெயரில் இன்னும் உயிரோடு இருக்கிறது. வழிகாட்டியைச் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியவில்லை. பணம் கொடுப்பதற்கு முன், "இந்தச் சதுக்கத்தின் பெயருக்கும் ஊரின் பெயருக்கும் என்ன உறவு?" என்று கேளுங்கள். முகம் மலர்ந்து விளக்கத் தொடங்குபவரோடு தயங்காமல் நடக்கலாம்.

அந்தத் தண்ணீரையும் பார்க்கலாம். சட்டமன்றம் இருக்கும் தாராஹோய் சதுக்கத்தின் பின்புறத் தோட்டத்தில் ஊற்று நீர் தேங்கும் குளம் ஒன்று உள்ளது. அதை அரசியின் குளம் என்கிறார்கள். 1827 முதல் 1877 வரை ஆண்ட நான்காம் பொமாரே அரசியின் காலத்தில்தான் 1842இல் பிரான்சின் பாதுகாப்பாட்சி இங்கே நுழைந்தது. அவருடைய மகன் ஐந்தாம் பொமாரே 1880 ஜூன் 29 அன்று நாட்டை பிரான்சிடம் ஒப்படைத்தார். சட்டமன்றக் கட்டடம் இருக்கும் இடத்தில்தான் அவர்களுடைய அரண்மனை நின்றது. 1960களில் அதை இடித்துவிட்டார்கள். பிறகு மனம் கேட்கவில்லை போலும், 1990இல் திறந்த நகராட்சிக் கட்டடத்தை அந்த அரண்மனையின் சாயலிலேயே கட்டியிருக்கிறார்கள். சட்டமன்றத்துக்கு எதிரே இருக்கும் நினைவுச்சின்னம் புவானா அ ஓபாவுடையது. தாஹித்தி மக்களின் தன்னுரிமைக்காகக் குரல் கொடுத்த அவரை 1958இல் கைது செய்து, தண்டனை விதித்துப் பிரான்சுக்கு அனுப்பினார்கள். 1968இல்தான் ஊர் திரும்ப முடிந்தது. அந்தத் தீர்ப்பை 2018இல் பிரெஞ்சு நீதிமன்றமே ரத்து செய்தது. அவர் ஊரில் இல்லாத காலத்தில், 1966 ஜூலை 2 அன்று, பிரான்சு இந்தத் தீவுக்கூட்டத்தில் அணுகுண்டுச் சோதனைகளைத் தொடங்கியது. 1996 வரை மொருரோவா, ஃபங்கதௌஃபா என்ற இரண்டு பவளத் தீவுகளில் 193 சோதனைகள் நடந்தன. அதற்கான நினைவிடம் பாவோஃபாய் கடற்கரைப் பகுதியில் இருக்கிறது. பேருந்து உலாக்களில் அதன் அருகே வண்டியை நிறுத்துவார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

சென்னைக்காரரான உங்களுக்கு மட்டும் ஓர் இடத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசி எண்ணெய்த் தொட்டிகளை எரித்ததும், அதன் பிறகு 'அவன் பெரிய எம்டன்' என்று நாம் சொல்லத் தொடங்கியதும் உங்களுக்குத் தெரிந்த கதை. ஜெர்மானிய அட்மிரல் ஃபொன் ஷ்பேயின் கிழக்காசியப் படையிலிருந்து பிரிந்து வந்த கப்பல் அது. அதே படையின் பெரிய கப்பல்களான ஷார்ன்ஹோர்ஸ்ட், க்னைசெனாவ் இரண்டும், அதே 1914 செப்டம்பர் 22 அன்று பப்பேத்தேயின் மீது குண்டு வீசின. துறைமுகத்தில் குவித்திருந்த நிலக்கரியைத் தேடி அவை வந்தன. அது எதிரியின் கைக்குப் போகக் கூடாது என்று பிரெஞ்சுப் படைத்தலைவர் தெஸ்த்ரெமோ குவியலுக்குத் தீ வைத்துவிட்டார். கடைத்தெருப் பகுதி எரிந்தது. ஸெலே என்ற சிறிய பிரெஞ்சுப் போர்க்கப்பல் துறைமுகத்திலேயே மூழ்கியது. அஞ்சலகத்தை ஒட்டிய பூகன்வீல் பூங்காவில், 1768இல் இந்தத் தீவுக்கு வந்த அந்தக் கடலோடியின் சிலைக்கு (நம் வீட்டுக் காகிதப்பூச் செடிக்கு போகன்வில்லா என்ற பெயர் அவரால் வந்ததுதான்) இரு பக்கமும் இரண்டு பீரங்கிகளைக் காணலாம். ஒன்று ஸெலேயினுடையது. மற்றொன்று 1917இல் இந்தத் தீவுகளில் தரைதட்டிய ஸீஆட்லர் என்ற ஜெர்மானியப் பாய்மரக் கப்பலினுடையது. எதிரிகளாக இருந்த இரண்டையும் அருகருகே நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

இனி, கப்பலில் விற்கும் உலாவைப் பற்றி. 'நகர உலா' என்ற பெயரில் விற்பவற்றில் பல உண்மையில் நகரத்தை வண்டியின் கண்ணாடி வழியே காட்டிவிட்டுக் கிழக்குக் கடற்கரைக்குப் போய்விடுபவை. சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில், மாஹினாவில் இருக்கும் வீனஸ் முனை அவற்றின் முக்கிய நிறுத்தம். 1769 ஜூன் 3 அன்று ஜேம்ஸ் குக்கின் குழு சூரியனைக் கடக்கும் வெள்ளிக் கோளைக் கவனித்த இடம் அது. கருமணல் கடற்கரையும் 1867ஆம் ஆண்டின் கலங்கரை விளக்கமும் உண்டு. நல்ல இடம்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அது பப்பேத்தே அன்று. ஆகவே மூன்று மணி நேரத்தில் நகருக்குள் எத்தனை நிமிடம், வண்டியை விட்டு எத்தனை முறை இறங்குவோம், முத்துக் கடையில் எவ்வளவு நேரம் என்ற மூன்றையும் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு வரும் பதில் அரை மணி நேரத்துக்கு மேல் என்றால், நீங்கள் பணம் கொடுத்து வாங்குவது உலாவை அன்று, கடைக்கு அழைத்துச் செல்லும் வண்டிப் பயணத்தை. பேச்சு ஆங்கிலத்தில் மட்டும் இருக்குமா, பிரெஞ்சுடன் மாறி மாறி வருமா என்பதையும் விசாரியுங்கள். இருமொழி உலாவில் உங்கள் நேரத்தில் பாதி போய்விடும்.

முழங்கால் வலிக்கு என் யோசனை: நடை உலாவையே எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் இருவருக்கு மட்டுமான தனி உலாவாக. பதினைந்து பேர் கொண்ட குழுவோடு போனால் அவர்களுடைய வேகத்துக்கு ஈடுகொடுக்க வேண்டியிருக்கும். அதைவிட, விளக்கம் கேட்டுக்கொண்டு ஒரே இடத்தில் இருபது நிமிடம் நிற்பதுதான் முழங்காலுக்குப் பகை. பூங்காவிலும் தேவாலயத்திலும் கடற்கரைத் தோட்டத்திலும் உட்கார இடம் உண்டு. கதைகளை அங்கே உட்கார்ந்து கேட்கும்படி அமைத்துத் தருமாறு வழிகாட்டியிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஞாயிறு என்பதற்காகக் கவலைப்பட வேண்டாம். விடியலில் எழ முடியுமானால் வாரத்திலேயே சிறந்த நாள் அதுதான். கடைகள் அடைத்திருப்பது உண்மை. ஆனால் சந்தை ஞாயிறன்று பொழுது புலர்வதற்கு முன்பே கூடிவிடும். சுற்றியுள்ள ஊர்களிலிருந்து குடும்பங்கள் காய்கறியும் மீனும் கொண்டுவந்து தெரு வரைக்கும் பரப்புவார்கள். காலை எட்டு மணிக்குள் பார்த்துவிடுங்கள், அதன் பிறகு கலையத் தொடங்கும். கீழ்த்தளத்தில் மீனும் இறைச்சியும் இருக்கும் பகுதியை விட்டு விலகிப் பூப் பக்கம் போனால், பூவையும் இலையையும் சேர்த்துத் தலைக்கு வளையம் கட்டும் பெண்களைக் காணலாம். கட்டும் கையின் வேகம் நம் பூக்காரம்மாக்களுக்குச் சற்றும் குறைந்ததன்று. மொனோய் என்று விற்பது தியாரே பூவை ஊறவைத்த தேங்காய் எண்ணெய்; சில புட்டிகளின் அடியில் அந்தப் பூ முழுதாகவே கிடக்கும். பேரம் பேசும் வழக்கம் அங்கே இல்லை, அன்பளிப்புப் பணத்தையும் எதிர்பார்ப்பதில்லை.

சந்தையிலிருந்து மிக அருகில் 1875இல் திறந்த நோத்ர தாம் பேராலயம். தீவைச் சுற்றும் சாலையின் கிலோமீட்டர் கணக்கு தொடங்கும் பூச்சியப் புள்ளி இதுவே. உள்ளே மரத்தில் செதுக்கிய மாதா சிலையைத் தேடிப் பாருங்கள்: குழந்தை இயேசுவின் கையில் இருப்பது ஈரப்பலாக்காய். பத்து மணி அளவில் பாவோஃபாயில் உள்ள சீர்திருத்தத் திருச்சபைக் கோவிலில் ஞாயிறு வழிபாடு நடக்கும். வெள்ளை உடையும் பின்னல் தொப்பியும் அணிந்த பெண்கள் 'ஹிமேனே' என்ற பல குரல் பாடலை இசைக்கருவி இல்லாமல் பாடுவார்கள். தோளும் முழங்காலும் மறையும் உடை அணிந்து, பின் வரிசையில் அமர்ந்து, படம் எடுக்காமல் கேட்கலாம். உலாவை ஆறரைக்குத் தொடங்கி இந்த வழிபாட்டுக்கு முன் முடித்துக்கொண்டால் வெயிலிலிருந்தும் தப்பலாம்.

சாப்பாட்டுக்குக் கப்பலையே நம்புங்கள். மாலையில் வாயெத்தே சதுக்கத்தில் வரும் உணவு வண்டிகள் பெயர் பெற்றவை என்றாலும், அவற்றின் சிறப்பே எலுமிச்சைச் சாற்றிலும் தேங்காய்ப் பாலிலும் ஊறிய பச்சை மீன்தான். சந்தையில் பழங்களும், வாழைப்பழத்தை மாவுடன் பிசைந்து வேகவைத்துத் தேங்காய்ப் பால் ஊற்றித் தரும் 'போயே'வும் உங்களுக்கு ஒத்துவரும். தயக்கமிருந்தால் "ஸான் வியாந்த், ஸான் புவாஸோன், ஸான் ஸஃப்" என்று சொல்லுங்கள்: இறைச்சி, மீன், முட்டை எதுவும் வேண்டாம். நாணயம் பசிபிக் பிராங்க். ஒரு யூரோவுக்கு 119.33 என்பது நிலையான மதிப்பு. சந்தைக்குச் சில்லறை நோட்டு தேவைப்படும்.

நீங்கள் கேட்காத இரண்டு விஷயங்கள். ஒன்று, பிரெஞ்சு பொலினீசியா, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் ஒரே விசா செல்லும் ஷெங்கன் பகுதிக்குள் வராது. ஷெங்கன் விசா இருப்பதாலேயே இறங்கிவிடலாம் என்று எண்ணாமல், பப்பேத்தேயைக் குறிப்பிட்டு பிரெஞ்சு விசா மையத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். மற்றொன்று, ஆக்லாந்திலிருந்து கிழக்கே போகும் கப்பல் பன்னாட்டுத் தேதிக்கோட்டைக் கடப்பதால் வழியில் ஒரு நாள் இரண்டு முறை வரும்; பப்பேத்தே நேரம் நம் நேரத்தைவிட 15½ மணி பின்தங்கியது. அங்கே ஞாயிறு காலை ஆறரை மணி என்றால் சென்னையில் ஞாயிறு இரவு பத்து. வழிகாட்டிக்கு எழுதும்போது தேதியோடு கிழமையையும் 'பப்பேத்தே நேரம்' என்ற குறிப்பையும் சேர்த்து எழுதி, அவரிடமிருந்து அதே மூன்றையும் திரும்ப எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.