போர்மாவும் சென்சாரும்

அன்புள்ள சார்,

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கம் எங்களுக்கு ஒரு அண்டியாபீஸ், அதாவது முந்திரிக்கொட்டை (அண்டி) உடைத்துப் பருப்பெடுக்கும் ஆலை, இருக்கிறது. சின்ன ஆலைதான். ஒரு பாய்லர், பருப்பைச் சூடுகாட்டிக் காயவைக்கும் போர்மா மூன்று, புதிதாக நிறம் பார்த்துத் தரம்பிரிக்கும் கலர் சார்ட்டர் ஒன்று. உடைப்பதும் தோலுரிப்பதும் பெண்கள். போன மாதம் கொச்சியிலிருந்து ஒரு கம்பெனி ஆட்கள் வந்தார்கள். எல்லா இடத்திலும் சென்சார் வைத்து ஆலையைச் செல்போனிலேயே பார்க்கலாம், கரண்டும் விறகும் மிச்சமாகும், கார்பன் குறையும், வெளிநாட்டு வியாபாரிகள் இனி இதைத்தான் கேட்பார்கள் என்றார்கள். அப்பா ஒரே பேச்சில் முடித்துவிட்டார்: "நம்ம மேஸ்திரி பருப்பைக் கையில எடுத்துப் பாத்தா தெரியாததையா மெஷின் சொல்லப் போவுது?" நான் மெக்கானிக்கல் படித்தவன். அப்பாவுக்கு மாற்றம் என்றாலே பயம் என்று தோன்றுகிறது. சுற்றுச்சூழல் பற்றி எழுதுகிற நீங்கள் சொல்லுங்கள், இது உண்மையா, விற்பனைப் பேச்சா?

ர., கருங்கல்

அன்புள்ள ர.,

இரண்டும் கலந்திருக்கிறது. எது எங்கே என்று உங்கள் ஆலைக்குள்ளேயே பார்த்துவிடலாம்.

முதலில் கம்ப்ரசர். கலர் சார்ட்டர் கெட்ட பருப்பைக் காற்றால் ஊதித்தான் தள்ளுகிறது. சரியாகப் பராமரிக்காத ஆலைகளில், அழுத்தி வைத்த காற்றில் 20 முதல் 30 சதவீதம் ஓஸ் இணைப்பிலும் வால்விலும் கசிந்தே போவது சாதாரணம். பகல் இரைச்சலில் யார் காதிலும் விழாது. கால்மணிக்கு ஒருமுறை கணக்கைப் பதிந்து வைக்கும் மீட்டர் ஒன்று இருந்தால், பருப்பு ஓடாத சாப்பாட்டு நேரத்திலும் கம்ப்ரசர் விட்டுவிட்டு இழுப்பது தெரிந்துவிடும். ஃபேனும் அப்படித்தான். வேகத்தை 80 சதவீதத்துக்கு இறக்கினால் மோட்டார் இழுக்கும் கரண்ட் ஏறத்தாழ பாதியாகும். நீங்கள் கல்லூரியில் படித்ததுதான், ஆனால் வேகத்தை எப்போது இறக்கலாம் என்று சொல்ல ஓர் அளவுகோல் வேண்டுமே. பாய்லர் புகைபோக்கியில் வெப்பம் 22 டிகிரி கூடினால் திறன் ஒரு சதவீதம் போய்விட்டது என்று பாய்லர்காரர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். குழாயில் கரி படிந்திருக்கிறதா என்று வெப்பம் அளக்கும் ஒரு தெர்மோகப்பிள் சொல்லிவிடும். இதற்கெல்லாம் லட்சக்கணக்கில் செலவில்லை. 'டிஜிட்டல் ட்வின்' என்று, ஆலையின் கணினி நகலாக ஏதாவது படம் காட்டினார்களா? உங்கள் ஆலை அளவுக்கு அது தேவையில்லை.

போர்மாவில்தான் அப்பா சொல்வது நிற்கிறது. உடைத்த பருப்பு 70 டிகிரியை ஒட்டிய சூட்டில் ஆறேழு மணிநேரம் கிடக்க வேண்டும். ஈரம் நின்றுவிட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும், கத்தியால் சுரண்டும்போது பருப்பு முறியும். அதிகம் காய்ந்தாலும் கை பட்டதும் முறியும். முழுப் பருப்புக்கும் துண்டுக்கும் விலையில் எவ்வளவு தூரம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முறிந்த பருப்போடு அதற்கு எரித்த விறகும் பாழ். தட்டிலிருந்து ஒன்றை எடுத்து, பெருவிரலால் தோலைத் தள்ளிப் பார்த்து, "இன்னும் அரைமணிக்கூர்" என்று மேஸ்திரி சொல்வதை எந்தச் சென்சாரும் சொல்லாது. ஆனால் போர்மாவின் மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம், இடவப்பாதி மழையில் (தென்மேற்குப் பருவமழையில்) எத்தனை மணிநேரம் கூடுதலாக எரிகிறது, அதில் எவ்வளவு கதவிடுக்கில் போகிறது என்பதை மேஸ்திரியாலும் சொல்ல முடியாது.

ஆகவே அந்தத் திரையை எங்கே மாட்டுகிறீர்கள் என்பதைத்தான் நான் கேட்பேன். ஓர் ஆலையில் பார்த்தேன்: முதலாளியின் செல்போனில் போர்மாவின் சூடு தெரியும். ராத்திரி இரண்டு டிகிரி இறங்கினால் போன் வரும், திட்டு விழும். அங்கே வேலை பார்த்தவர் புத்திசாலி. திட்டு வாங்காமலிருக்க எப்போதும் நாலு விறகு கூடுதலாகச் செருகப் பழகிக்கொண்டார். மீட்டரில் கோடு நேராகப் போனது, விறகுச் செலவு ஏறியது. அதே எண் போர்மா கதவுக்குப் பக்கத்தில், மேஸ்திரி கண்ணுக்கு நேராக இருந்து, அதை வைத்து அவரே முடிவெடுக்கலாம் என்றும் இருந்தால் கதை வேறு.

அடுத்தது கார்பன். பாய்லரில் முந்திரித் தோடோ விறகோதானே எரிகிறது? நிலக்கரியிலிருந்து வருகிற கார்பனோடு அதைச் சேர்த்து எழுத முடியாது, புகை வேறு பிரச்சினை. மின்வாரியக் கரண்டில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்பது தேசிய சராசரி. கம்ப்ரசரிலும் ஃபேனிலும் மிச்சப்படுத்துவது அந்தக் கணக்கில் வரும். ஆனால் உங்கள் மூட்டைகளில் எந்த ஊர் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். இந்தியாவில் உடைபடும் அண்டியில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா, பெனின் என்று ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வருகிறது. கொல்லாமா, அதாவது முந்திரி மரம், நின்ற எத்தனையோ மேட்டுநிலத்தில் நம் மாவட்டத்தில் இன்று ரப்பர் நிற்கிறது. கொச்சிக்காரர்களின் திரை ஆலையின் கேட்டில் தொடங்கி கேட்டில் முடிகிறது. அதைக் காட்டி 'பசுமை ஆலை' என்று போர்டு வைப்பது எனக்கு உவப்பாக இல்லை.

இன்னொன்றும் அந்தத் திரையில் வராது. உடைக்கிற பெண்களின் விரலைப் பார்த்திருப்பீர்கள். அண்டித் தோட்டிலிருந்து வரும் எண்ணெய் பட்டுக் கறுத்து, தோல் வெந்து உரிந்திருக்கும். சாம்பலைத் தொட்டுக்கொண்டு உடைப்பார்கள். கையுறை கொடுத்தால் வேகம் குறைகிறது, எடைக்குக் கூலி என்பதால் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். கலர் சார்ட்டர் வந்தபோது தரம்பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எங்கே போனார்கள்? உங்கள் கடிதத்தில் அது இல்லை. ஆலை சுற்றுச்சூழலை எப்படிக் காக்கிறது என்று எழுதும் நிலைத்தன்மை அறிக்கையில் யூனிட்டுக்கும் விறகுக்கும் பத்தி இருக்கும்போது இவர்களுக்கும் ஒரு பத்தி இருக்கட்டும். கையுறை போட்டால் கூலி எவ்வளவு குறைகிறது என்று அளந்து, அந்த வித்தியாசத்தை ஆலை கொடுப்பதற்குச் சென்சார் வேண்டாம்.

இப்போதைக்கு மொத்தப் பொட்டலத்தையும் வாங்காதீர்கள். பதிவு மீட்டர் ஒன்றைக் கம்ப்ரசருக்கும், வெப்பமானிகளை ஒரே ஒரு போர்மாவுக்கும் வையுங்கள். எந்தத் தட்டில் செருக வேண்டும் என்று மேஸ்திரியைக் கேட்டுச் செருகுங்கள். வெயிலில் ஒரு மாதம், மழையில் ஒரு மாதம் கணக்கெடுங்கள். நம்முடையது இரண்டு மழையும் பெய்யும் ஊர், வெயில்மாதக் கணக்கை மட்டும் காட்டி யாரும் உங்களிடம் எதையும் விற்றுவிடக் கூடாது. பிறகு அந்தக் கம்பெனியிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: வருடச் சந்தாவை நிறுத்தினால் என் போர்மாவின் பழைய கணக்கு என் கையில் இருக்குமா? மழுப்பினால், அப்பா சொன்னபடியே அனுப்பிவிடுங்கள்.