கடைசி ஸ்டேஷனில் இறங்கும் பிள்ளைகள்: கேள்வி பதில்

இராமேஸ்வரம், மண்டபம், ஏர்வாடிப் பக்கம் 16 வருடம் குழந்தைகள் உதவி எண்ணுக்காகக் களத்தில் அலைந்தவள் நான். தெருவில் வாழும் பிள்ளைகளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாக்கிவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

கல்லூரி மாணவர், இராமநாதபுரம்: அக்கா, தெருக்குழந்தைகள் என்றால் சென்னை, மும்பை என்றுதான் நினைத்திருந்தேன். நம்ம கரையில் அப்படி யார் இருக்கிறார்கள்?

இருக்கிறார்கள் தம்பி. அரசு இவர்களை மூன்று வகையாகப் பார்க்கிறது. யாருமில்லாமல் தனியாக இருப்பவர்கள், குடும்பத்தோடு தெருவிலேயே இருப்பவர்கள், பகலெல்லாம் தெருவில் சுற்றிவிட்டு இருட்டியதும் குடிசைக்குத் திரும்புபவர்கள்.

முதல் வகை நமக்கு ரயிலில் வருகிறது. வீட்டில் அடி வாங்கிக்கொண்டு எங்கோ வடக்கே ஏறிய பையனுக்கு எங்கே இறங்குவது என்றே தெரியாது. இராமேஸ்வரத்தோடு தண்டவாளம் முடிவதால் இறங்கித்தான் ஆக வேண்டும். ஒருவன் என் அரைகுறை இந்தியில் நான் பெயர் கேட்பதற்கு முன்பே, "அடுத்த வண்டி எங்கே போகும்?" என்று கேட்டான். இதற்கு மேல் கடல்தான் என்றேன். நம்பாமல் பிளாட்பாரத்தின் கடைசிவரை நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தான். 2022 கடைசியில் பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும்வரை வண்டிகள் இக்கரையோடு நின்றுவிட்டன, நாங்களும் தேடுகிற இடத்தை மண்டபத்துக்கு மாற்றிக்கொண்டோம்.

இரண்டாவது வகை, கோயில் வீதிகளில் பாசிமணியும் சங்கு மாலையும் விற்கிற குடும்பங்களின் பிள்ளைகள். மூன்றாவது வகையை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகு கரையில் கிடக்கும்போது அப்பா வேலை தேடி வெளியூர் போய்விடுவார். பையன் கடைகளில் கிளாஸ் கழுவப் போவான். ஜூனில் பள்ளி திறக்கும்போது சிலர் திரும்பிப் போவதில்லை.

ஆட்டோ ஓட்டுநர், பாம்பன்: ராத்திரி 11 மணிக்கு ஸ்டேஷன் வாசலில் தனியாக ஒரு பையன் நின்றால் நான் என்ன செய்யணும்? போலீஸ், கோர்ட் என்று நம்மளையே இழுத்துவிட மாட்டார்களா?

குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அடியுங்கள், காசு கிடையாது. 1996-இல் மும்பையில் தொடங்கிய எண் இது. 2023-இலிருந்து அரசே நேரடியாக நடத்துகிறது, எண் மாறவில்லை. தனியாக நிற்கும் பிள்ளையைப் பார்த்தால் 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்று 2015-ஆம் வருட இளைஞர் நீதிச் சட்டமே சொல்கிறது. சொல்வதால் உங்களுக்கு வம்பு இல்லை அண்ணே, சொல்லாமல் விடுவதுதான் தப்பு.

ஆள் வரும்வரை வெளிச்சத்தில், நாலு பேர் இருக்கும் இடத்தில் உட்கார வையுங்கள். "எந்த ஊரு, ஏன் ஓடி வந்தே" என்று தொடங்காதீர்கள், பொய்தான் வரும். "சாப்பிட்டியா" என்று கேளுங்கள். இரண்டு இட்லி உள்ளே போனதும் ஊர்ப்பெயர் தானாக வரும். வண்டியில் ஏற்றி உங்கள் வீட்டுக்குக் கூட்டிப் போக மட்டும் வேண்டாம். உங்கள் மனசு எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது.

இல்லத்தரசி, தங்கச்சிமடம்: கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பிச்சை கேட்கிற சின்னப் பெண்கள். அந்தக் குழந்தை வாடகைக் குழந்தை என்கிறார்களே, உண்மையா?

நான் விசாரித்தவரை பெரும்பாலும் அது அந்தப் பெண்ணின் தம்பியோ தங்கையோதான். அம்மா வேறு தெருவில் மணி விற்றுக்கொண்டிருப்பார். அதனால் கூட்டம் கூடிப் "பிள்ளைப் பிடிக்கிறவள்" என்று அடிக்கக் கிளம்பாதீர்கள். பிள்ளையைப் பிச்சைக்குப் பயன்படுத்துவது 5 வருடம் வரை சிறை கிடைக்கிற குற்றம்தான், அதை விசாரிக்க ஆள் இருக்கிறார்கள். குழந்தை எழுப்பினாலும் எழாமல் நாள் முழுக்க மயங்கியே கிடந்தால் யோசிக்காமல் உடனே 1098.

முன்னாள் விடுதிக் காப்பாளர், மண்டபம்: பிடித்து ஹோமில் சேர்க்கிறோம். பத்தாம் நாள் சுவரேறிக் குதித்துவிடுகிறான். நன்றி கெட்ட பிள்ளைகளை என்ன செய்வது?

கோபித்துக்கொள்ளாதீர்கள் சார், "பிடித்து" என்று நீங்கள் சொன்னதிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

அக்னி தீர்த்தத்தில் ஒரு பையன் இருந்தான், பதினோரு வயதிருக்கும். விடிவதற்கு முன்பே தண்ணீரில் நிற்பான். உடைந்த ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம், அதில் நைலான் கயிறு. வீசி இழுத்தால் யாத்ரிகர்கள் போட்ட ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயும் ஒட்டி வரும். அஞ்சு ரூபாயும் பத்து ரூபாயும் காந்தத்துக்கு வராது என்று எனக்குப் பாடம் எடுத்தான். அதற்குக் கால்விரலால் மணலைத் துழாவ வேண்டுமாம். கிடைத்ததை ஈரத்தோடு வாயில் அடக்கிக்கொள்வான், பையில் வைத்தால் பெரிய பையன்கள் பிடுங்கிவிடுவார்களே. அமாவாசை என்றால் அவனுக்கு நல்ல வரும்படி. அன்னதானச் சாப்பாடு, படுக்க மண்டபம், கூட மூன்று சேக்காளிகள். அவனைக் கொண்டுபோய் ஆறு மணிக்கு எழுந்து வரிசையில் நில், எட்டு மணிக்கு விளக்கணை என்றால்? அவன் கணக்கில் அது நஷ்டம். நன்றிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இரண்டு தடவை ஓடினான். மூன்றாம் தடவை நாங்கள் தூக்கவில்லை. ஐந்து வாரம் தினமும் கரையில் டீ குடித்தோம், அவ்வளவுதான். ஒரு நாள் காலில் சிப்பி வெட்டிச் சீழ் வைத்ததும் அவனாகவே வந்தான். அப்புறம்தான் அம்மா மறுமணம் செய்த கதை, பாட்டி பரமக்குடிப் பக்கம் இருப்பது எல்லாம் வெளியே வந்தது. இப்படிப்பட்ட பிள்ளைகளை எங்கே அனுப்புவது என்று முடிவெடுக்கிற குழந்தைகள் நலக் குழு முன்பு நிறுத்தி, பாட்டியை வரவழைத்து, அங்கேயே அனுப்பினோம். அரசின் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு, பாட்டிக்கு அது கிடைக்க ஏழு மாதம் நடந்தோம். ஹோம் தற்காலிக இடம்தான். யாரிடம் திரும்பலாம் என்று தேடுகிற வேலைக்கு நாள் பிடிக்கிறது. அதைத் தவிர்த்துவிட்டுச் சுவரை உயர்த்தினால் அவன் இன்னும் உயரமாக ஏறுவான்.

வாசகர், தொண்டி: தனியாகத் திரிந்த பிள்ளையின் போட்டோவை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் பெற்றோர் சீக்கிரம் கிடைப்பார்களே?

போடாதீர்கள். முகத்தை வெளியிடுவதைச் சட்டம் தடுக்கிறது. அதைவிட, யாருக்குப் பயந்து ஓடிவந்தானோ அந்த ஆளே அந்த போட்டோவைப் பார்த்துவிட்டு வந்து நின்ற கதை எனக்குத் தெரியும். காவல்துறையிடம் கொடுங்கள், அவர்கள் காணாமல் போனோர் பதிவோடு ஒப்பிடுவார்கள். பிள்ளை காணோம் என்று வருகிற ஒவ்வொரு புகாருக்கும் எஃப்.ஐ.ஆர். போட வேண்டும் என்று 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பஞ்சர் கடைக்காரர், உச்சிப்புளி: பொடியன்கள் சொல்யூஷன் ட்யூப் கேட்டு வருகிறார்கள். கொடுக்கலாமா?

சைக்கிள் எங்கே என்று கேளுங்கள். சைக்கிள் இல்லாதவனுக்குப் பஞ்சர் ஒட்டும் பசை எதற்கு? துணியில் பிழிந்து முகர்ந்தால் பசியும் குளிரும் தெரியாது, அதற்குத்தான். மூளை, ஈரல் எல்லாம் போகும். முதல் தடவையிலேயே இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுபோவதும் உண்டு. முகர்ந்தவனை விரட்டவோ அடிக்கவோ செய்யாதீர்கள், அந்த நேரத்து ஓட்டமும் பயமும்கூட உயிருக்கு ஆபத்து. காற்றோட்டமாக உட்கார வைத்துப் போன் பண்ணுங்கள்.

ஆசிரியை, கீழக்கரை: பெண் பிள்ளைகள் ஏன் கண்ணில் படுவதில்லை?

தெருவில் ஒரு ராத்திரிகூடத் தனியாக விட்டுவைக்க மாட்டார்கள் டீச்சர். யாராவது "வேலை வாங்கித் தர்றேன்" என்று கூட்டிப் போய்விடுவார்கள். பையனுக்கு ஒரு நாள் அவகாசம் இருக்கலாம், பெண் பிள்ளைக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. இன்னொன்று, சில பெண் பிள்ளைகள் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு சட்டை டவுசரில் இருப்பார்கள். உங்கள் கண்ணில் பட்டிருப்பார்கள், நீங்கள் பையன் என்று நினைத்திருப்பீர்கள்.

டீக்கடைக்காரர், ஏர்வாடி: தர்காவில் மனநிலை சரியில்லாத அம்மாவோடு ஒரு சின்னப் பிள்ளை மாதக்கணக்கில் இருக்கு. பிள்ளையைப் பிரித்து அனுப்பிவிடலாமா?

அவசரப்படாதீர்கள் பாய். 2001 ஆகஸ்டில் இங்கே ஒரு மனநலக் காப்பகத்தில் பிடித்த தீயில் 28 பேர் சங்கிலியோடு கருகிய பிறகு, நோயாளிகளைக் கட்டிவைப்பதைப் பற்றி நாடே பேசியது. கூட வந்த பிள்ளைகளைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசவில்லை. அந்தப் பிள்ளைக்கு அந்த அம்மாதான் வீடு. சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து 3 வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்று 2017 மனநலச் சட்டமும் சொல்கிறது. இருவரையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும், அம்மாவுக்கு அரசு மருத்துவம், பிள்ளைக்கு அங்கன்வாடியோ பள்ளியோ. ஆதார் இல்லை, பிறப்புச் சான்று இல்லை என்று பள்ளியில் திருப்பி அனுப்பினால், வயதுச் சான்று இல்லை என்று சேர்க்காமல் விடக் கூடாது என்பது கல்வி உரிமைச் சட்டம் என்று சொல்லுங்கள்.

தம்பதி, தேவிபட்டினம்: எங்களுக்குப் பிள்ளை இல்லை. அப்படி ஒரு குழந்தையை நாங்களே எடுத்து வளர்க்கலாமா?

நேராக எடுக்க முடியாது. தத்துக்கு அரசு இணையதளத்தில் பதிவு செய்யுங்கள், காத்திருப்பு நீளம். தத்தெடுக்காமல் குறிப்பிட்ட காலம் வீட்டில் வைத்து வளர்க்கிற வளர்ப்புப் பராமரிப்பு என்று இன்னொரு வழியும் உண்டு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேளுங்கள்.

வாசகி, விருதுநகர்: ஆடி அமாவாசைக்குக் குடும்பத்தோடு இராமேஸ்வரம் வருகிறோம். 4 வயதுப் பேரன் கூட்டத்தில் தொலைந்துவிடுவானோ என்று பயமாக இருக்கிறது.

பயம் நியாயம்தான் அம்மா, அன்றைக்கு எங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. பலர் போன் நம்பரைப் பிள்ளையின் கையில் பேனாவால் எழுதிவிடுகிறார்கள். 22 தீர்த்தமும் ஊற்றி முடிப்பதற்குள் அழிந்துவிடும். சட்டைப்பையில் சீட்டு வைத்தால் ஈரச் சட்டையைக் கழற்றும்போது அதுவும் போய்விடும். நம்பரை ஒரு சீட்டில் எழுதி, சின்ன பிளாஸ்டிக் கவரில் போட்டு டேப் ஒட்டி, அரைஞாண் கயிற்றில் கட்டிவிடுங்கள். உங்கள் நம்பர் ஒன்று போதாது, ஊரில் இருக்கிறவர் நம்பரும் வேண்டும். குளிக்கப் போகும்போது உங்கள் போன் லாட்ஜில் அல்லவா இருக்கும்!