இமாமுக்கு எடுத்துக்கொடுக்கும் குரல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிறுவயதில் குர்ஆன் ஓதக் கற்றேன், பொருள் கற்கவில்லை. ஜமாஅத்தில் (கூட்டுத் தொழுகையில்) தவறாமல் நிற்கிறேன், ஆனால் முன்னின்று தொழவைக்கும் இமாம் ஓதுவது ஒன்றும் விளங்குவதில்லை. இறைவனுக்கு அரபு மட்டும்தான் தெரியுமா? தாய்மொழியில் தொழுகை நடத்தினால் என்ன? வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகையின் உரையான குத்பாவும் எங்களுக்கு முழுக்க அரபில்தான். என் உச்சரிப்பும் சரியில்லை என்பதால், தொழுகை கூடுமா (செல்லுமா) என்ற கவலை வேறு.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நான் சில நாட்களாக எண்ணிக்கொண்டிருந்ததையே உங்கள் கடிதம் தொட்டுவிட்டது. உச்சரிப்புக் கவலையை முதலில் விடுங்கள். சிரமப்பட்டுத் திக்கித் திக்கி ஓதுகிறவருக்கு இரட்டை நன்மை என்று நபிமொழியே இருக்கிறது. இறைவனுக்கு அரபு மட்டும்தான் தெரியுமா என்பது மேடையில் கைதட்டல் வாங்கும் கேள்வி. அதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. நீங்கள் தனிமையில் உங்கள் மொழியில் கேட்கும் துஆவை (வேண்டுதலை) யாரும் தடுக்கவில்லை.

தாய்மொழியில் ஓதலாமா என்பது பழைய விவாதம். ஹிஜ்ரி 150-இல் மறைந்த மார்க்கச் சட்ட அறிஞர் இமாம் அபூஹனீஃபா, தொழுகையில் பாரசீகத்தில் ஓதினாலும் கூடும் என்றார். அவருடைய மாணவர்களான அபூயூசுஃபும் முஹம்மது ஷைபானியும் அரபில் ஓத இயலாதவருக்கு மட்டுமே அது பொருந்தும் என்றார்கள். பின்னாளில் அபூஹனீஃபாவும் அந்தக் கருத்துக்கே திரும்பினார் என்று அவர் வழிவந்த ஹனஃபி சட்ட நூல்கள் சொல்கின்றன.

ஜமாஅத் தொழுகைக்கு அரபு வேண்டும் என்று நான் சொல்வதன் காரணம், இமாமும் பின்னால் நிற்பவரும் ஒரே வாசகத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பதுதான். ஒரு ஃபஜ்ரு (அதிகாலை) தொழுகையில் இமாம் நீண்ட ஸூராவின் (அத்தியாயத்தின்) நடுவே தடுமாறி நின்றார். அதே ஆயத்தை (வசனத்தை) மறுபடி தொடக்கத்திலிருந்து எடுத்து, அதே இடத்தில் மறுபடி நின்றார். பின்வரிசையிலிருந்து, இன்னும் குரல் உடையாத ஒரு பையன் விடுபட்ட சொற்களை எடுத்துக்கொடுத்தான். அவர் அதைப் பிடித்துக்கொண்டு ஓதி முடித்து, குனியும் நிலையான ருகூவுக்குப் போனார். இப்படி எடுத்துக்கொடுப்பது சலுகையாகக் கிடைத்த உரிமையல்ல. நபிகள் நாயகமே ஒருமுறை ஓதுகையில் தடுமாறியபோது, தொழுகை முடிந்ததும் தம் தோழர் உபை இப்னு கஅபிடம், நீர் எங்களோடுதானே தொழுதீர், எடுத்துக்கொடுக்க உம்மைத் தடுத்தது எது என்று கேட்டார்கள். இமாம் தமக்குத் தோன்றிய மொழிபெயர்ப்பை ஓதத் தொடங்கினால், அவர் ஒரு சொல்லை விட்டாலும் மாற்றினாலும் அந்தப் பையன் என்ன செய்வான்? வாசகம் இமாமின் சொத்தாகிவிடும். பின்னால் நிற்பவர்கள் வெறும் கேட்பவர்களாகிவிடுவார்கள். மாறாத அரபு வாசகம் இமாமைத்தான் முதலில் கட்டுப்படுத்துகிறது.

ஆனால் அந்த உரிமை, கற்றவருக்கே பயன்படும். உங்கள்மீது எனக்குக் கோபம் வருவது இங்கேதான். ஃபர்ளான (கடமையான) ரக்அத்துகள், அதாவது தொழுகைச் சுற்றுகள் மட்டும் நாளொன்றுக்கு 17. ஒவ்வொன்றிலும் குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவின் ஏழு ஆயத்துகள் இடம்பெறுகின்றன. ருகூவில் மகத்தான என் இறைவன் தூயவன் என்கிறீர்கள், நெற்றியைத் தரையில் வைக்கும் சுஜூதில் மிக உயர்ந்த என் இறைவன் தூயவன் என்கிறீர்கள். அமர்ந்து ஓதும் அத்தஹிய்யாத்தையும் சேர்த்தாலும் இவற்றின் பொருள் ஒரு தாளில் அடங்கிவிடும். அந்த ஒரு தாளை இத்தனை ஆண்டுகளாகத் தேடாமல் இருந்துவிட்டு, தொழுகையையே மாற்றச் சொல்கிறீர்களே! என்ன சொல்கிறோம் என்று அறியாத நிலையில் தொழுகையை நெருங்காதீர்கள் என்ற வசனம் (4:43) போதையில் இருப்பவர்களைப் பற்றி இறங்கியது. போதையே இல்லாத நமக்கு அது உறைக்க வேண்டாமா?

குத்பா வேறு விஷயம். அதில் உங்கள் வருத்தம் முழுக்க நியாயமானது. எல்லாத் தூதர்களும் தத்தம் மக்களின் மொழியிலேயே விளக்கிச் சொல்ல அனுப்பப்பட்டார்கள் என்கிறது குர்ஆன் (14:4). மக்களை நோக்கிச் செய்யும் உபதேசம் அவர்களுக்கு விளங்கியே ஆக வேண்டும். துருக்கியில் 1932 முதல், தொழுகைக்கு அழைக்கும் பாங்கைத் துருக்கி மொழியில் சொல்லவைத்தார்கள். 1950-இல் அரபுப் பாங்குக்கு இருந்த தடை நீங்கியதும் பள்ளிவாசல்கள் அரபுக்கே திரும்பின. ஆனால் அங்கே குத்பாவின் உபதேசப் பகுதி இன்றும் துருக்கி மொழியில்தான் இருக்கிறது. இறைப்புகழும் நபிகள் மீதான வாழ்த்தான ஸலவாத்தும் ஆயத்துகளும் அரபில் ஓதப்படுகின்றன. அப்படி ஒரு குத்பா வேண்டும் என்று உங்கள் இமாமிடம் நேரில் போய்க் கேளுங்கள். போகும்போது ஃபாத்திஹாவின் பொருளையும் அவரிடமே பாடம் கேட்டுக்கொள்ளுங்கள்.