அகஸ்தியர்கூடம்: ஏறப் போகிறவர்கள் கேட்டவை

ஜனவரி நெருங்கினால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி, பொதிகை மலையின் உச்சியான அகஸ்தியர்கூடம் பற்றியவை. நான் திருநெல்வேலிக்காரன். வாசலில் நின்றால் பொதிகை தெரியும் ஊரில் வளர்ந்தும், அதன் உச்சிக்குக் கேரளம் வழியாகச் சுற்றித்தான் போக வேண்டியிருந்தது. ஐந்து முறை புறப்பட்டு நான்கு முறை உச்சியைத் தொட்டிருக்கிறேன். அந்தக் கணக்கை வைத்துப் பதில் சொல்கிறேன்.

கல்லூரி நண்பர்கள் ஆறு பேர் போகிறோம். எல்லோருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. மூன்று நாள் என்கிறார்கள். அவ்வளவு தேவையா?

தேவை. உயரம் 1,868 மீட்டர்தான், இமயமலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. ஆனால் ஜீப் கொண்டுபோய் இறக்கிவிடும் மலை அல்ல இது. திருவனந்தபுரத்திலிருந்து விதுரை வழியாகப் போனக்காடு போய், அங்கே வனத்துறைச் சோதனை முடித்து நடக்கத் தொடங்க வேண்டும். முதல் நாள் அதிருமலை முகாம் வரை சுமார் 15 கிலோமீட்டர். இரண்டாம் நாள் காலை உச்சிக்கு ஆறு கிலோமீட்டருக்குக் குறையாது, திரும்பி அதே முகாமில் தூக்கம். மூன்றாம் நாள் இறக்கம்.

முதல் பாதி ஆளை ஏமாற்றும். நிழல், அருவி, குறுக்கே கரமனையாறு என்று சுகமாகப் போகும். “இதற்கா இவ்வளவு பயம் காட்டினார்கள்” என்று யாராவது ஒருவர் சொல்வார். அதன் பிறகு புல்வெளி வரும், தலைக்கு மேல் ஒரு இலை இருக்காது. அதையும் கடந்தால் முகாமுக்கு முந்திய ஏற்றம். அதன் பெயரே முட்டிடிச்சான் தேரி. கால் தூக்கினால் முட்டி நெஞ்சில் இடிக்குமாம். எங்கள் ஊர்ப் பக்கம் தேரி என்றால் செம்மணல் மேடு, அங்கே தேரி என்றால் செங்குத்து. பெயரைக் கேட்டு மணல் இருக்கும் என்று நினைத்து ஏறினேன் முதல் முறை.

எங்களில் ஒருவன் கொஞ்சம் பருமன், மெதுவாகத்தான் நடப்பான். அவனை முகாமில் விட்டுவிட்டு மற்றவர்கள் உச்சிக்குப் போகலாமா?

முகாம் வரை அவரை எப்படிக் கொண்டுவருவீர்கள் என்பதல்லவா முதல் கேள்வி?

நான் பாதியில் திரும்பிய கதையைச் சொல்கிறேன். நாங்கள் நான்கு பேர். வேகமாக நடக்கிற இருவர் முன்னால் போவார்கள், ஆற்றங்கரையில் உட்கார்ந்து கடலை மிட்டாய் தின்பார்கள், பின்னால் வருகிறவன் மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும் “வந்துட்டியா, கிளம்பலாம்” என்று எழுந்துவிடுவார்கள். அவர்களுக்கு ஓய்வு கிடைத்தது, அவனுக்குக் கிடைக்கவே இல்லை. அந்த இருவரில் நானும் ஒருவன். புல்வெளியில் அவனுடைய ஷூவின் அடிப்பாகம் அப்படியே பெயர்ந்து வந்துவிட்டது. நாங்கள் முன்னால் போய்விட்டதால் தெரியவில்லை. அவன் துண்டைக் கிழித்துக் கட்டிக்கொண்டு நொண்டி வந்திருக்கிறான். அன்று இரவு யாரும் அதிகம் பேசவில்லை. மறுநாள் மற்ற இருவரும் ஏறினார்கள். நான் அவனோடு முகாமிலேயே இருந்தேன்.

அதிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறோம். மெதுவாக நடப்பவர் முன்னால். வேகக்காரர் கடைசியில். கடைசியாக வருகிறவர் கையில் மருந்துப் பை. நிற்பது எங்கே என்று முன்னால் போகிறவரே முடிவு செய்வார். எரிச்சலாகத்தான் இருக்கும், முதல் ஒரு மணி நேரம்.

ஷூ பற்றியும் சொல்லிவிடுகிறேன். அலமாரியில் மூன்று நான்கு வருடம் கிடந்த ஷூ புதிது போலத்தான் இருக்கும். ஆனால் அடியில் இருக்கும் நுரை ஈரக்காற்றிலேயே உள்ளுக்குள் மக்கிப்போயிருக்கும். நடக்கத் தொடங்கிய பிறகுதான் உதிரும். புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே அதைப் போட்டுக்கொண்டு ஊருக்குள் நடந்து பாருங்கள்.

கூடாரம், அடுப்பு, சாப்பாட்டுச் சாமான் எவ்வளவு எடுக்க வேண்டும்?

எதுவும் வேண்டாம். அதிருமலையில் கூரைக்கு அடியில் பாய் விரித்துப் படுக்கலாம், காசு கொடுத்தால் கஞ்சியும் சாப்பாடும் கிடைக்கும். பை ஏழு கிலோவைத் தாண்டினால் எதையோ வீண் ஆசையில் திணித்திருக்கிறீர்கள் என்று பொருள். கம்பளி மட்டும் விடாதீர்கள், இரவில் காற்று எலும்பைத் தேடி வரும். முதல் நாள் மதியத்துக்கு வாழை இலையில் கட்டிய புளிசாதம் போதும். பிளாஸ்டிக் வனத்துறைச் சோதனையிலேயே மாட்டும், எனவே எவர்சில்வர் பாட்டில். மருத்துவச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் மறந்துவிட்டு வாயில் வரை வந்து திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

செல்போன் கிடைக்குமா?

கிடைக்காது என்றே வீட்டில் சொல்லிவிட்டு வாருங்கள்.

ஏறிய வழியே இறங்குவது அலுப்பாக இருக்காதா? ஒரு வட்டமாகப் போய்ப் பாபநாசம் பக்கம் இறங்க வழி இருக்கிறது என்று நண்பர் சொல்கிறார்.

உங்கள் நண்பர் சொல்வது பொய்யல்ல. பழைய காலத்தில் நம் பக்கத்திலிருந்தும் ஏறியிருக்கிறார்கள். தாமிரபரணி பிறப்பதே இந்தச் சரிவில்தான். ஆனால் அது இன்று களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், பொதுமக்களுக்கு அந்தப் பாதை திறந்திருக்கவில்லை. போனக்காட்டில் ஏறினால் போனக்காட்டில்தான் இறங்க வேண்டும்.

அனுமதியில்லாத பாதையில் போய்க்கொள்ளலாம் என்று யாராவது துணிச்சல் காட்டினால் குரங்கணியை நினைவுபடுத்துங்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்து மலையில் காட்டுத்தீ 23 உயிர்களைக் கொண்டுபோனது. காய்ந்த புல் சரிவில் தீ மேல்நோக்கித்தான் பாயும், ஏறுகிற மனிதனைவிட வேகமாக. அகஸ்தியர்கூடத்துப் புல்வெளியும் பிப்ரவரிக் கடைசியில் அதே நிறத்தில்தான் இருக்கும். பீடி, தீப்பெட்டி ஏன் விடமாட்டேன் என்கிறார்கள் என்று அங்கே நின்றால் புரியும்.

பெண்கள் போகலாமா?

போகலாம். கேரள உயர் நீதிமன்றம் 2018இல் தடையை நீக்கியது. 2019 ஜனவரியில் தன்யா சனல் என்ற பாதுகாப்புத் துறை அதிகாரி ஏறினார். அந்த நாளில் இந்த மலையின் பழங்குடியினரான காணி மக்கள் போனக்காட்டில் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், ஆனால் யாரையும் மறிக்கவில்லை. அவர்களுக்கு அது தெய்வத்தின் மலை. அந்த மரியாதையோடு ஏறுவது ஆண்களுக்கும் பொருந்தும்.

மூலிகை மலை என்கிறார்களே. ஆரோக்கியப்பச்சை கிடைத்தால் கொஞ்சம் பறித்து வரலாமா?

ஒரு இலை கூடக் கூடாது. 1987இல் ஆய்வாளர்கள் இந்த மலையில் களைத்துத் தள்ளாடியபோது, கூட வந்த காணி வழிகாட்டிகள் ஏதோ ஒரு சிறு பழத்தைத் தின்றுகொண்டு சலிக்காமல் நடந்தார்களாம். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து, கேரளத்தின் பாலோடு என்ற ஊரில் உள்ள தாவரவியல் ஆய்வு நிறுவனம் ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கி, உரிமத் தொகையில் பாதியைக் காணி மக்களுக்கு ஒதுக்கியது. அவர்கள் அறிவுக்குப் பங்கு கொடுத்த செடியை நாம் பைக்குள் திருட்டுத்தனமாகத் திணிப்பதா? தவிர, பழத்தைத் தின்றால் முட்டிடிச்சான் தேரி தட்டையாகிவிடாது.

அட்டை, யானை?

அட்டை ஜனவரியில் குறைவு, ஈரமான ஓடைக்கரைகளில் இருக்கும். பிடித்து இழுக்காதீர்கள், நகத்தை அதன் வாய்க்கு அடியில் நுழைத்துத் தள்ளினால் விட்டுவிடும். இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளை அது செலுத்துவதால் கொஞ்ச நேரம் கசியும், பயப்பட ஒன்றுமில்லை. யானை விஷயத்தில் வழிகாட்டி “நில்” என்றால் நிற்க வேண்டும். படம் எடுக்க இரண்டடி முன்னால் போகும் நண்பர் உங்கள் குழுவில் யார் என்று உங்களுக்கே தெரியும், அவரைக் கையோடு பிடித்துக்கொள்ளுங்கள்.

உச்சியில் கயிறு பிடித்து ஏற வேண்டுமாம். உயரம் என்றால் எனக்குப் பயம்.

பாறைகளில் கயிறு கட்டியிருக்கிறார்கள். ஏறும்போது பாறையைப் பாருங்கள், பள்ளத்தைப் பார்க்க வேண்டாம். மூடுபனி இறங்கியிருந்தால் பள்ளமே தெரியாது, உங்களைப் போன்றவர்களுக்கு அது வசதி. ஆனால் ஈரப் பாறையில் வழிகாட்டி போக வேண்டாம் என்றால் வாதாடாதீர்கள். மேலே அகத்தியர் சிலை மட்டும்தான் இருக்கிறது. அவர் எங்கேயும் போகமாட்டார்.

பயிற்சி என்ன செய்ய வேண்டும்?

எல்லோரும் ஏறிப் பழகுகிறார்கள். முட்டியைக் கெடுப்பது மூன்றாம் நாள் இறக்கம். ஆறு வாரம் மாடிப்படியில் இறங்கிப் பழகுங்கள், முதுகில் ஐந்து கிலோ அரிசியோடு. லிஃப்டில் ஏறிப் படியில் இறங்கினாலும் சரி, பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். இறங்கத் தொடங்கும் முன் ஷூ நாடாவைக் கணுக்காலருகே இறுக்கிக் கட்டுங்கள், கையில் ஒரு கம்பு இருக்கட்டும். கால் நகங்களைப் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு வெட்டிவிடுங்கள். என் நகம் ஒன்று கறுத்து விழுந்து, முழுதாக முளைக்கப் பல மாதங்கள் ஆயின.