லிங்கன்ஷயருக்கு வரும் நர்ஸ் தம்பிக்கு

தம்பி, அடுத்த மாதம் இங்கிலாந்தின் பாஸ்டனில் நர்ஸ் வேலைக்குச் சேரப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். பிரெக்ஸிட்டுக்கு, அதாவது ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் வெளியேறுவதற்கு, நாட்டிலேயே அதிகமாக ஓட்டுப் போட்ட ஊர் என்று படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது, நம்மை எப்படி நடத்துவார்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். கூடவே மளிகை, வாடகை, குளிருடை. மளிகைக்குப் பீட்டர்பரோ போனால் எல்லாம் கிடைக்கும். குளிருடையை இங்கே வந்து வாங்குங்கள். வாடகையை உங்களுக்கு முன்னால் வந்த பிள்ளைகளிடம் கேளுங்கள். முதல் கேள்விக்கு மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

நீங்கள் படித்தது உண்மைதான். 2016 ஜூன் 23 அன்று நாடு முழுக்க 51.9 சதவீதம் பேர் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற ஓட்டுப் போட்டார்கள்; பாஸ்டனில் 75.6. ஆனால் அதை வைத்து ஊரே வெறுப்பில் ஊறியது என்று முடிவு கட்டாதீர்கள். சுற்றிலும் முட்டைக்கோஸும் காலிஃபிளவரும் விளையும் பூமி அது. 2004 மே மாதம் போலந்து, லித்துவேனியா, லாட்வியா எல்லாம் ஒன்றியத்தில் சேர்ந்தபோது, முதல் நாளிலிருந்தே அவர்களை வேலைக்கு வரவிட்டவை பிரிட்டன், அயர்லாந்து, ஸ்வீடன் மூன்றும்தான். வயலுக்கும் காய்கறி பேக்கிங்குக்கும் ஆட்கள் வந்தார்கள். ஆள் பிடிக்கும் ஏஜெண்டுகள் கூலியை அமுக்கினார்கள், ஒரே வீட்டில் ஏழெட்டுப் பேரை அடைத்தார்கள், வாடகை ஏறியது. உள்ளூர்க்காரர்கள் சொன்னதை லண்டனில் யாரும் காதில் வாங்கவில்லை. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. கூலியை அமுக்கியவனை விட்டுவிட்டு, குறைந்த கூலிக்குக் குனிந்து வேலை செய்தவன் தலையில் அதை இறக்கினார்களே, அதைத்தான் என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

எங்கள் ஆஸ்பத்திரி வார்டிலேயே இரண்டு பக்கமும் ஆட்கள் இருந்தார்கள். வாரம் 35 கோடி பவுண்டு ஒன்றியத்துக்குப் போகிறது, அதை அரசு மருத்துவ சேவையான என்.ஹெச்.எஸ்.ஸுக்குத் தரலாம் என்று வெளியேறும் பக்கத்தார் சிவப்பு பஸ்ஸில் எழுதி ஊர் ஊராகச் சுற்றினார்கள். பிரிட்டனுக்குக் கிடைத்த தள்ளுபடியைக் கழிக்காத கணக்கு அது. புள்ளிவிவர ஆணையமே தவறான எண்ணம் தருகிறது என்று சொன்னது. ஆனாலும் ஆள் பற்றாக்குறையில் அல்லாடிய நர்ஸ்கள் சிலர் அதை நம்பித்தான் ஓட்டுப் போட்டார்கள். முடிவு வந்தபின் ஒரே மேஜையில் டீ குடித்தவர்கள் தனித்தனியாகப் போய் உட்கார்ந்தார்கள். ஒரு சக நர்ஸ் தன் அப்பாவிடம் அந்தக் கிறிஸ்துமஸ் வரை பேசவில்லை. அதனால் வேலையிடத்தில் யார் எந்தப் பக்கம் என்று நீங்களாகக் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் முழுதாகக் கேளுங்கள்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். வயதான நோயாளிகள் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னைச் சொல்லலம்மா, நீ நல்லா வேலை செய்யற, அவங்களைத்தான் சொல்றேன்" என்பார்கள். 'அவங்க' என்றால் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள். அன்பாகத்தான் சொல்வார்கள். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் ஆட்கள் பலர் அதில்தான் மயங்கினார்கள். ஐரோப்பியர் வருவது நின்றால் நம் தங்கச்சிக்கும் மச்சானுக்கும் விசா சுலபமாகும் என்று கணக்குப் போட்டு வெளியேற ஓட்டுப் போட்ட இந்தியர்களை எனக்கு நேரிலேயே தெரியும். தான் ஏறிவந்த ஏணியை அடுத்தவனுக்கு முன்னால் எடுத்துவிடுவது என்ன நியாயம்?

கணக்கு பாதி பலித்தது. ஐரோப்பாவிலிருந்து புதிதாகப் பதிவு செய்த நர்ஸ்களும் பிரசவ நர்ஸ்களும் 2015-16இல் 9,389 பேர், 2017-18இல் 805. ஆங்கிலத் தேர்வைக் கட்டாயமாக்கியதும் ஒரு காரணம்தான். அந்த இடத்தை நிரப்பியது பெரும்பாலும் இந்தியாவும் பிலிப்பைன்ஸும். உங்கள் வேலையும் அந்த வழியில் வந்ததுதான். ஆனால் 2024 மார்ச்சில் முதியோர் பராமரிப்பு வேலைக்கு வருபவர்கள் குடும்பத்தைக் கூட்டிவர முடியாது என்று விதி வந்தது. நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு 5 ஆண்டு என்பதை 10 ஆக்கும் யோசனை அரசின் 2025 மே மாத வெள்ளை அறிக்கையில் வந்தது. 2024இல் பாஸ்டன் தொகுதியில் ஜெயித்த ரிஃபார்ம் கட்சி, அந்த உரிமையையே எடுத்துவிடுவோம் என்கிறது. "அவங்களைத்தான்" என்று சொன்ன பட்டியலில் இப்போது நாமும் இருக்கிறோம்.

நான் வந்தது 2004 ஜனவரியில். ஏஜென்சிக்குக் கட்டிய கடன் ஊரில் வட்டி ஏறிக்கொண்டிருக்க, ஒரு முதியோர் இல்லத்தின் மாடி அறையில் தங்கி, நர்ஸ் பதிவு கிடைக்கும்வரை உதவியாளர் சம்பளத்தில் வேலை பார்த்தேன். மலையாளிப் பெண்களுக்கு எங்கே போனாலும் ஒரு சங்கம், ஒரு சர்ச் இருந்தது. எனக்கு யாருமில்லை. அந்தக் கோடையில் பக்கத்து அறைக்குப் போலந்திலிருந்து ஒருத்தி வந்தாள். அவளும் படித்த நர்ஸ். தரை துடைக்க வந்திருந்தாள். கேஸ் மீட்டருக்குக் காசு ஏற்றவும், வங்கிக் கடிதத்தைப் படிக்கவும், மேலாளர் கூடுதல் ஷிப்டு திணித்தால் "முடியாது" என்று சொல்லவும் அவளோடு சேர்ந்துதான் பழகினேன். பிறகு இருவரும் பதிவு வாங்கி ஒரே வார்டுக்கு வந்தோம்.

2016 ஜூன் 23 காலை நைட் டியூட்டி முடிந்ததும் அவள்தான் காரில் என்னை வாக்குச்சாவடிக்குக் கூட்டிப்போனாள். காமன்வெல்த் நாட்டுக் குடிமகள் என்பதால் இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்த எனக்கு ஓட்டு உண்டு. 12 வருடம் வரி கட்டியும் அவளுக்கு இல்லை. ஒன்றியத்திலேயே இருக்கலாம் என்ற பக்கம் போட்டுவிட்டு வந்தேன். மறுநாள் காலை பிரதமர் கேமரன் பதவி விலகுவதாக அறிவித்ததை இருவரும் நர்ஸ் ஸ்டேஷன் டிவியில் பார்த்தோம். அடுத்த வாரம் அவள் மகனிடம் பள்ளியில் ஒரு பையன் எப்போது ஊருக்குப் போகிறாய் என்று கேட்டிருக்கிறான். 2019இல் குடும்பத்தோடு போய்விட்டார்கள். நல்ல நர்ஸ். இப்போது போலந்தில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறாள்.

"அவங்க ஊர்ச் சண்டை நமக்கெதுக்கு" என்று உங்கள் அறையிலேயே யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். விசாவோடு அங்கே குடியிருக்கத் தொடங்கியதுமே நீங்கள் வாக்காளராகப் பதிவு செய்யலாம். குடியுரிமை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நாளைக்குக் கடன் வாங்கும்போதும் உதவும். 2023 முதல் வாக்குச்சாவடியில் போட்டோ அடையாளம் கேட்கிறார்கள், நம் பாஸ்போர்ட்டே போதும். நேஷனல் இன்ஷூரன்ஸ் நம்பர் (சம்பளப் பிடித்தத்துக்கான எண்) கைக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள், விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது என்று போனில் சொல்கிறேன்.